யாருடையதை நிறுத்துவது

கம்ப்யூட்டர் அறைக்குப் பலகைத் தரை. அடியில் ஒயர்கள் ஓடுவதற்காக ஒரு முழ உயரத்துக்குக் கம்பிக்கால் நட்டு, அதன்மேல் சதுரம் சதுரமாகப் பலகை பதித்திருந்தார்கள். டிஸ்க் அதிகமாக ஓட ஆரம்பித்தால் அந்தப் பலகை வழியாக என் பாதத்துக்கு ஓர் அதிர்வு வரும். தூசி ஆகாது என்று செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே இருப்போம். அதனால் எதையும் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும். அதிர்வு விட்டு விட்டு வந்தால் பயமில்லை. இடைவிடாமல் வந்தால், இன்னும் பத்து நிமிடத்துக்குள் யாருடைய வேலையையாவது நான் நிறுத்தியாக வேண்டும்.

எண்பதுகளின் நடுவில், மதுரைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் நான் பார்த்த வேலை இது. கணக்கில் பி.எஸ்சி. முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, முதலில் அங்கே அலுவலகத்தில் கிளார்க்காகத்தான் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வாங்கியபோது, கணக்கும் டைப்பும் தெரிந்த ஆள் என்று என்னை மூன்று வாரம் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் ஆபரேட்டர் ஆகிவிட்டேன். பிறந்த ஊர் சோழவந்தான். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு கோச்சடையில் வாடகை வீடு. கணவருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. மகள் எல்.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டு அக்கா அவளைக் கூட்டிவந்து வைத்துக்கொள்வார். ஆறரைக்குள் நான் போய்விட வேண்டும். இரண்டு பஸ் மாற வேண்டும். பிற்பகல் மூன்று மணியிலிருந்தே என் ஒரு கண் கடிகாரத்தில் இருக்கும்.

கடிகாரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆளில்லாமல் ஏ.சி. ஓடக்கூடாது என்பது கல்லூரி விதி. ஏ.சி. இல்லாமல் கம்ப்யூட்டர் ஓடாது. ஆகவே தினமும் மாலை ஐந்தரைக்கு எல்லாவற்றையும் நிறுத்திப் பூட்டிவிட்டுத்தான் நான் கிளம்புவேன். யாருடைய புரோகிராமாக இருந்தாலும் காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்து அதற்குள் முடிந்துவிட வேண்டும். முடியாவிட்டால் அன்று செய்த கணக்கு அத்தனையும் போச்சு. மறுநாள் முதலிலிருந்து.

அந்த இயந்திரத்துக்கு ஒரு மெகாபைட் மெமரி. இன்று கைபேசியில் எடுக்கிற ஒரு புகைப்படம் அதைவிடப் பெரியது. அந்த ஒரு மெகாபைட்டை எட்டு டெர்மினல்களில் எட்டுப் பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். பங்கு போட்டுக் கொடுப்பது இயங்குதளத்தின் வேலை. அப்போது நாங்கள் வெறுமனே சிஸ்டம் என்போம். எல்லாருக்கும் போதுமான இடம் மெமரியில் இல்லையென்றால், அந்த நேரத்தில் சும்மா காத்திருக்கும் ஒரு புரோகிராமை அப்படியே தூக்கி, டிஸ்கில் அதற்கென்று ஒதுக்கியிருக்கும் இடத்தில் வைத்துவிடும். அதன் முறை வரும்போது மறுபடி உள்ளே கொண்டுவரும். உள்ளே கொண்டுவர இடம் வேண்டும் அல்லவா, அதற்காக இன்னொன்றை வெளியே தள்ளும். ஆட்கள் குறைவாக இருக்கும்வரை இது யாருக்கும் தெரியாமல் நடக்கும். கூட்டம் கூடினால் தூக்கி வைப்பதற்கும் திரும்பக் கொண்டுவருவதற்குமே பொழுது போய்விடும், கணக்கு நடக்காது. டெர்மினலில் ஓர் எழுத்தை அடித்துவிட்டு அது திரையில் தெரிவதற்கு ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டுப் பேரும் என்னைப் பார்ப்பார்கள்.

அதற்கும் மேலே போனால் டிஸ்கில் ஒதுக்கிய இடமும் நிரம்பிவிடும். அப்போது சிஸ்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியாது. எங்களிடம் இருந்தது பழைய பதிப்பு. நான் கட்டளை கொடுக்கும் கன்சோலில் அது ஒரே ஒரு வரியை அடித்துவிட்டு மொத்தமாக நின்றுவிடும். எட்டுப் பேருடைய வேலையும் போய்விடும். மறுபடி கிளப்பி, டிஸ்க்கைச் சரிபார்த்து, ஆட்களை உள்ளே விட முக்கால் மணி நேரம் ஆகும். அது நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் ஆபரேட்டரின் முக்கியமான வேலை என்று சென்னையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இடம் தீரும்முன் எதையாவது ஒன்றை நிறுத்த வேண்டும். எதை என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

பெரியதை நிறுத்துவேன். ஒன்றை நிறுத்தினால் ஏழு பேருக்கு இடம் கிடைக்கும், நியாயம்தானே என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் காலத்தில் பெரியது என்றால் பெரும்பாலும் அந்த ஆராய்ச்சி மாணவருடையதாக இருக்கும்.

அவருக்கு என்னைவிட ஓரிரு வயது கூட இருக்கலாம், முப்பதைத் தாண்டியவர். பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமம். நிலத்தடி நீரைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவருடைய வழிகாட்டி வேறு கட்டடத்தில் இருந்தார்; எங்கள் மையத்தின் பக்கம் வந்ததே இல்லை. பெரிய கணக்கை ஓட்ட இவருக்கு வாரத்தில் ஒரு நாள், எப்போதாவது இரண்டு நாள்தான் முறை; அன்று காலை ஒன்பது மணிக்கே துணிப்பையோடு வாசலில் நிற்பார். நான் பூட்டைத் திறக்கும்போது வணக்கம் சொல்வதோடு சரி. ஒன்பதரைக்குத் தன் புரோகிராமை ஓட விட்டுவிட்டு, டெர்மினலை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பார். அவருடைய கணக்கு முடிய ஆறரை மணி நேரம் ஆகும்.

முதல் தடவை நிறுத்தியது நன்றாக நினைவிருக்கிறது. மூன்று மணிக்குத் தரை அதிர ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அவருடையது அரை மெகாபைட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதன் எண்ணை அடித்து, நிறுத்தச் சொல்லும் கட்டளையைக் கொடுத்தேன். அரை வரிதான். அதிர்வு உடனே நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வெளியே போய் அவரிடம் சொன்னேன்.

"எத்தனை மணிக்கு மேடம் நின்னுச்சு?"

"மூணு பத்துக்கு."

நோட்டில் குறித்துக்கொண்டார். "பரவால்ல மேடம். அடுத்த மொறைக்கு வாரேன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. சண்டை போடாதவர் என்று மனதில் பதிந்துவிட்டது. அடுத்த தடவை அவருடையதை நிறுத்தும்போது அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். அப்போது அப்படி யோசிக்கவில்லை.

மையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு பேராசிரியர். மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். அந்த இயந்திரம் எங்கள் கல்லூரிக்கு வந்ததே அவர் இரண்டு வருடம் அலைந்ததால்தான். வெளியில் கட்டப்படும் பெரிய கட்டடங்களுக்கும் மேல்நிலைத் தொட்டிகளுக்கும் தூண், உத்தரம் தாங்குமா என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார். அவருடைய புரோகிராமும் பெரியதுதான். அது ஓடும்போது சிக்கல் வந்தால் நான் போனை எடுத்து அவரைக் கேட்பேன்.

"என்னுது முடியப்போகுதும்மா. அந்த ஸ்காலரோடத நிறுத்திரு" என்பார்.

நிறுத்திவிடுவேன்.

வீட்டுக்குப் போனாலும் எனக்கு இருப்புக் கொள்ளாது. சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது, எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டு வந்தது மாதிரி இருக்கும். தரையில் கால் வைத்து அதிர்கிறதா என்று பார்ப்பேன். "பூட்டிட்டு வந்த மிஷினுக்கு நீ ஏன் இம்புட்டுப் பதறுற?" என்று கணவர் சிரிப்பார். மகள் ஒரு நாள் என் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, "அம்மா, கால் ஏன் ஆடிக்கிட்டே இருக்கு?" என்று கேட்டாள். ஆட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதே அவள் கேட்டபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பேராசிரியர் ஓர் அறிக்கை கேட்டார். மெஷினை யார் யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார்கள் என்று கல்லூரிக் குழுவுக்குச் சொல்ல வேண்டுமாம். என் கன்சோலுக்குத் திரை கிடையாது. நான் கொடுக்கும் கட்டளைகளும் சிஸ்டம் சொல்லும் பதில்களும் பேப்பரில் அச்சாகும். அந்தப் பேப்பர் மடிப்பு மடிப்பாக ஓர் அட்டைப்பெட்டிக்குள் விழுந்துகொண்டிருக்கும். பெட்டியைக் கவிழ்த்து, பேப்பரை மேஜைமேல் நீளமாக விரித்து, சிவப்புப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். நான் லீவு போட்ட ஒரு நாளைத் தவிர்த்து, இரண்டு மாதத்தில் பதினோரு நிறுத்தம். இரண்டு, மாணவர்கள் தப்பாக எழுதிச் சுற்றிக்கொண்டே இருந்த புரோகிராம்கள். மீதி ஒன்பதும் அந்த ஆராய்ச்சி மாணவருடையவை.

அந்த ஒன்பது நாட்களின் பட்டியல்களையும் மறுபடி பார்த்தேன். நான்கு நாள் பேராசிரியருடைய புரோகிராமும் கூடவே ஓடியிருக்கிறது. அந்த நான்கு நாளும் பெரியது பேராசிரியருடையதுதான்.

பெரியதை நிறுத்துகிறேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது பேப்பரில் இல்லை. அறிக்கையை அன்று எழுதி முடிக்க முடியவில்லை. எழுந்து டேப்புகளைத் துடைத்தேன். வெளியே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்ப வந்து உட்கார்ந்தால் விரித்த பேப்பர் அங்கேயே கிடந்தது.

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் மாற்றாக வரும் லேப் அசிஸ்டென்டை அறையில் உட்கார வைத்துவிட்டுக் கேன்டீனுக்குப் போனேன். ஆராய்ச்சி மாணவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"உங்க புரோகிராமை ஒன்பது தடவை நிறுத்தியிருக்கேன்" என்றேன்.

"பத்து மேடம்" என்றார். "ஒரு நா நீங்க லீவு. அன்னைக்கு லேப் அசிஸ்டென்ட் நிறுத்துனாரு."

எண்ணி வைத்திருக்கிறார். "ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டு என்ன மேடம் ஆகப்போகுது? அப்பறம் டெர்மினலே கெடையாதுன்னு சொல்லிட்டா எங்க போறது? இன்னும் எட்டு மாசந்தான் எனக்கு ஸ்காலர்ஷிப் இருக்கு."

அப்படி என்ன கணக்கு அது என்று அன்றுதான் கேட்டேன். அதுவரை எனக்கு அது ஓர் எண்ணும் ஒரு அளவும் மட்டும்தான். பேரையூரைச் சுற்றி நூற்று நாற்பது கிணறுகள். இரண்டு வருடம், மாதம் ஒரு தடவை, சைக்கிளில் போய் நூல் கட்டிய குண்டை உள்ளே விட்டுத் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்திருக்கிறார். மழைத் தண்ணீர் எந்தப் பக்கமாக இறங்கிப் போகிறது, எந்த ஊர் மோட்டார் இழுத்தால் எந்த ஊர் கிணறு வற்றுகிறது என்று அதிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் கிணறு வெட்டும் கூலிக்குப் போனவர்கள். அந்த நூற்று நாற்பதில் அவர்கள் வெட்டியவையும் சில உண்டு.

"ஆனா எல்லாக் கிணத்தையும் நானே அளக்க முடியல மேடம். சில கிணத்துக்கிட்ட என்னைய விடமாட்டாங்க. ரோட்டுலயே நிப்பேன். அவங்களே குண்டை விட்டுப் பாத்துட்டு இம்புட்டு அடின்னு சத்தம் போட்டுச் சொல்லுவாங்க. எழுதிக்கிருவேன்."

"சரியாச் சொல்லுவாங்களா?"

"சில பேரு சரியாச் சொல்லுவாங்க. சில பேரு குண்டையே விட மாட்டாங்க. எட்டிப் பாத்துட்டு வாய்க்கு வந்த நம்பரச் சொல்லிட்டுப் போயிருவாங்க. எது சரி எது தப்புன்னு கண்டுபிடிக்கிறதுக்காக, ஒவ்வொரு கிணத்தையும் மத்த எல்லாக் கிணத்தோடயும் ஒத்துப் பாக்குற மாதிரி எழுதியிருக்கேன். அதனாலதான் புரோகிராம் இம்புட்டுப் பெருசாப் போச்சு. அம்புட்டையும் நானே அளந்திருந்தேன்னா இதுல கால்வாசி எடம் போதும்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. எங்கள் கொடிக்காலிலும் ஒரு கிணறு இருந்தது. அதன் பக்கம் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று சின்ன வயதில் நான் யாரையும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்திருந்தது. அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அன்று வாய் வரவில்லை, பிறகும் வரவில்லை.

இரண்டு நாள் யோசித்து, ஒரு வெள்ளைத்தாளில் டைப் அடித்து, கண்ணாடிச் சுவரில் ஒட்டினேன். மெமரி தட்டுப்பாடு வந்தால் கடைசியாக ஆரம்பித்த பெரிய புரோகிராம் முதலில் நிறுத்தப்படும். அதற்குத்தான் இழப்பு குறைவு. இவ்வளவுதான் அதில் இருந்தது. பேராசிரியரைக் கேட்கவில்லை. கேட்டால் ஒட்ட முடியாது என்று தெரியும்.

அந்த வார வெள்ளிக்கிழமையே அதற்குச் சோதனை வந்தது. சித்திரை வெயில், ஏ.சி. திணறிக்கொண்டிருந்தது. பேராசிரியர் இரண்டு இருபதுக்குத் தன் அறையில் தனியாக வைத்திருந்த டெர்மினலில் ஒரு தொட்டிக் கணக்கை ஆரம்பித்தார். மூன்று மணி ஆகுமுன் தரை அதிர்ந்தது. பட்டியல் எடுத்தேன். ஆராய்ச்சி மாணவருடையது ஐந்தரை மணி நேரமாக ஓடுகிறது. பேராசிரியருடையது அரை மணி நேரமாக. போன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்தால் என்ன சொல்வார் என்று தெரியும். எடுக்கவில்லை. பேராசிரியருடைய புரோகிராமின் எண்ணை அடிக்கும்போது விரல் தப்பி ஒரு தடவை தவறான எண் விழுந்துவிட்டது. நல்லவேளை, அந்த எண்ணில் எதுவும் ஓடவில்லை. மறுபடி சரியாக அடித்தேன்.

கால் மணி நேரத்தில் அவர் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார். அதற்குமுன் ஒரு நாளும் அவர் அப்படி வந்ததில்லை.

"என்னுது நின்னுருக்கும்மா."

"நான்தான் சார் நிறுத்துனேன்."

"அந்த ஸ்காலரோடது ஓடுது போல."

"அது காலைல ஒன்பதரைக்கு ஆரம்பிச்சது சார். நிறுத்துனா ஒரு நா வேலை போயிரும். உங்களுதுக்கு அரை மணி நேரந்தான்."

"இந்த ரூல் யாரு போட்டது?"

"நான்தான் சார்."

கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை நின்று படித்தார். இரண்டு தடவை படித்திருப்பார். திரும்பிப் போய்விட்டார். நான்கு மணி தாண்டி ஆராய்ச்சி மாணவருடைய கணக்கு முதல்முறையாக முழுசாக முடிந்து, பிரிண்டரில் எண்கள் வரிசை வரிசையாக வந்தன. மழைக்காலத்துக்கான கணக்கு. இன்னும் மூன்று பருவங்களுக்குப் போட வேண்டும். அவர் பேப்பரைக் கிழித்து வாங்கி, முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "வரட்டா மேடம்?" என்றார். நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

திங்கட்கிழமை என் மேஜையில் ஒரு உத்தரவு இருந்தது. பொறுப்புப் பேராசிரியரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் யாருடைய புரோகிராமையும் ஆபரேட்டர் நிறுத்தக்கூடாது. கீழே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பத்து நாளும் நான் நாற்காலியில் ஒழுங்காக உட்காரவில்லை. அதிர்வு வந்தால் எழுந்து நிற்பேன், அடங்கினால் உட்காருவேன். பிறகு ஒரு புதன்கிழமை, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஆறு பேர் ஒரே நேரத்தில் புராஜெக்ட் வேலையை ஆரம்பித்தார்கள். பேராசிரியர் நிர்வாகக் கட்டடத்தில் மீட்டிங்கில் இருந்தார். அனுமதிக் கடிதத்தை நானே டைப் அடித்து, கையெழுத்து மட்டும் வாங்கிவிடலாம் என்று எடுத்துக்கொண்டு வெயிலில் ஓடினேன். மாடிப்படி ஏறி மீட்டிங் அறை வாசலுக்குப் போனால் பியூன் மறித்தார்.

"யாரையும் விடக்கூடாதுன்னு சொல்லிருக்காங்கம்மா."

"ஒரே ஒரு கையெழுத்துண்ணே."

"முடியட்டும். இந்தா, இம்புட்டு நேரந்தான்."

பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அறைக்குள் கால் வைத்ததுமே தெரிந்துவிட்டது. தரை அசையாமல் கிடந்தது. கன்சோல் பேப்பரில் ஒரே ஒரு வரி. எல்லாம் நின்றிருந்தது. மாணவர்கள் ஆறு பேரும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஆராய்ச்சி மாணவருடைய ஐந்து மணி நேரம் போய்விட்டது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் வந்ததும், "நீயே எதையாவது நிறுத்தியிருக்கலாமேம்மா" என்றார்.

நான் கையெழுத்தில்லாத கடிதத்தை நீட்டினேன். வாங்கிப் படித்தார். சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். "சரி, பாத்துச் செய்யி" என்றார். உத்தரவைத் திரும்பப் பெறவும் இல்லை, அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவும் இல்லை. கண்ணாடியில் நான் ஒட்டிய தாளும் அப்படியே இருந்தது.

அன்று மாலை பூட்டுவதற்குமுன் ஆராய்ச்சி மாணவரிடம், "நான் நிறுத்தாட்டியும் யாராவது நிறுத்துவாங்க, இல்லாட்டி அதுவே நின்னுரும். நின்னாலும் தாங்குற மாதிரி உங்க புரோகிராமை மாத்துவோமா?" என்று கேட்டேன். பயிற்சியில் கொடுத்த கையேட்டில் இரண்டு பக்கம் இதைப் பற்றி இருந்தது. அரை மணிக்கு ஒரு தடவை அதுவரை போட்ட கணக்கை டிஸ்கில் ஒரு ஃபைலில் எழுதிவைக்க வேண்டும். நின்றுபோனால், அடுத்த தடவை அந்த ஃபைலைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மாலை பூட்டுவதுகூட அதன்பிறகு ஒரு தடையே இல்லை. இதை ஏன் முதல் மாதமே அவரிடம் சொல்லவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். அவருடன் நான் பேசியதே இல்லை என்பதுதான் பதில்.

அவர் இன்னொன்றும் யோசித்து வந்தார். அந்த நூற்று நாற்பது கிணறுகளையும் ஒரே நேரத்தில் மெமரியில் வைத்திருக்கத் தேவையில்லை. நிலத்தைக் கிழக்கு மேற்காகப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரு நேரத்தில் மூன்று பட்டைகளை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு மற்றதை டிஸ்கில் விட்டுவிடலாம். மூன்று வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து இருவரும் மாற்றி எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். நடுவில் ஒரு நாள் கூட்டலுக்குப் பதிலாக நான் கழித்தலை அடித்துவிட்டேன். இரண்டு நாள் எங்கள் கணக்கில் தண்ணீர் மேட்டை நோக்கி ஓடியது. கடைசியில் அளவு ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. டிஸ்க்கிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக, ஒரு பருவத்துக்கு ஒன்றே முக்கால் நாள் ஆனது. "எப்ப வேணா நிறுத்துங்க மேடம், எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். அதற்குப்பிறகு நிறுத்த வேண்டி வரவே இல்லை. அளவுப்படி வரும் பட்டியலில் அது மேலே வரவே இல்லை.

மழைக்காலம் தொடங்கியபோது சென்னையிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் சிஸ்டத்தின் புதிய பதிப்பை டேப்பில் கொண்டுவந்தார். இடம் முழுக்கத் தீர்ந்துபோனால் இந்தப் பதிப்பு மொத்தமாக நிற்காது. ஒரே ஒரு புரோகிராமை மட்டும் தானே நிறுத்திவிட்டு மற்றதைத் தொடரும் என்றார்.

"யாரோடத நிறுத்தும்?"

"அந்த நேரத்தில யாருக்கு எடம் வேணுமோ, குடுக்க எடம் இல்லையோ, அவங்களோடதை மேடம்."

"அவங்க எத்தனை மணி நேரமா ஓட்டுறாங்கன்னு பாக்காதா?"

"பாக்காது. யாருன்னும் பாக்காது."

அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் லேசாக இருந்தது. இனிமேல் நான் யாரையும் பொறுக்கி எடுக்க வேண்டாம். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்குமுன்பே வேறு மாதிரி உறுத்தியது. காலையிலிருந்து ஓடும் ஒருவர் கெட்ட நேரத்தில் கொஞ்சம் இடம் கேட்டுவிட்டால் அவருடையது போய்விடும். அப்போதுதான் வந்த ஒருவர் பிழைத்துக்கொள்வார். ஆள் பார்த்து நிறுத்துவதைவிட இது பரவாயில்லை என்றாலும், சரி என்று சொல்ல மனம் வரவில்லை. அதனால் புதிய பதிப்பு வந்த பிறகும் அதிர்வு வந்தால் நான் முந்திக்கொள்ளத்தான் பார்த்தேன். ஒட்டிய தாளில் சொன்னபடி, கடைசியாக வந்ததை.

ஒரு நாள் முந்திக்கொள்ள முடியவில்லை. பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டதை எடுத்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் வந்தார். செருப்பை வெளியே விட்டிருந்தார்.

"இந்தத் தடவையும் நீயாம்மா?"

"இல்ல சார். சிஸ்டமே நிறுத்திருச்சு." கன்சோல் பேப்பரைக் காட்டினேன். அவர் பெயரும், நிறுத்தப்பட்ட நேரமும், இடமில்லை என்ற காரணமும் இருந்தன.

"நான் பெரிய கணக்கு ஒண்ணும் ஓட்டலையே. ஒரு ரிப்போர்ட்டை டைப் பண்ணிக்கிட்டு இருந்தேன். பன்னண்டு பக்கம்."

"அந்த நேரத்துல நீங்க எடம் கேட்டுட்டீங்க சார்."

"ஒரு வரிதானேம்மா அடிச்சேன்."

"அந்த ஒரு வரிக்குத்தான் சார் எடம் இல்ல."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த வரியை மறுபடி படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அந்த ஸ்காலர் ஏதோ அப்பப்ப எழுதி வச்சிக்கிற மாதிரி மாத்திட்டாராமே. எப்படிப் பண்றது அது?" என்று கேட்டார். டைப் செய்யும்போது நடுநடுவே சேமித்துவைக்கும் கட்டளையை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். போகும்போது, "மெமரி போர்டு ஒண்ணு கேட்டு எழுதியிருக்கேன். வந்தா உனக்கு இந்தப் பாடு இருக்காது" என்றார்.

போர்டு வந்தது. இரண்டாவது மெகாபைட் நிரம்ப ஒரு மாதம்கூட ஆகவில்லை. இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் எல்லாரும் பெரிதாக எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

ஸ்காலர்ஷிப் முடிவதற்கு மூன்று வாரம் முன்பு ஆராய்ச்சி மாணவர் ஆய்வேட்டைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு அவருக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. அதற்குள் வேறொரு மாவட்டத்தில் நிலத்தடி நீர் அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். தேர்வன்று காலை அறை வாசலில் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, புது செருப்பு. அதையும் வெளியே விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "பதினோரு மணிக்கு மேடம். முடிஞ்சா வாங்க" என்றார்.

அந்த அறையை வேலை நேரத்தில் ஆளில்லாமல் விட்டு நான் போனது, மீட்டிங் அறைக்கு ஓடிய அந்த ஒரு நாள்தான். அன்று பதினொன்று அடித்தபோது தரையில் அதிர்வு லேசாக ஆரம்பித்திருந்தது. பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நிறுத்தலாம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, எல்லாம் நடுத்தரம். ஐந்து நிமிடம் நின்றேன். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவர் சுவரில் வரைபடத்தை மாட்டிவிட்டுப் பேசினார். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். இவர் தயங்காமல் பதில் சொன்னார். பாதிதான் என் காதில் விழுந்தது. என் பாதம் செருப்புக்குள் இருந்தும் தரையையே தேடிக்கொண்டிருந்தது. அது சிமெண்டுத் தரை, எதையும் சொல்லவில்லை. கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அதற்குமேல் இருக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அறை வாசலில் புதிதாகச் சேர்ந்திருந்த விரிவுரையாளர் ஒருத்தி கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தாள்.

"என்னாச்சு? யாரோடது போச்சு?" என்றேன்.

"என்னுது மேடம். ரெண்டு மணி நேரம் ஓடிருந்துச்சு."

"எழுதி வச்சீங்களா நடுவுல?"

"இல்ல மேடம். அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது."

செருப்பைக் கழற்றினேன். "உள்ள வாங்க" என்றேன்.